கொம்பு கேட்டு வந்த கடிதங்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் மான் கொம்பு. யாரோ வீடியோ போட்டிருக்கிறார் போல.

புள்ளிமான் எந்த மாதம் கொம்பு உதிர்க்கும்? ஜனவரியில் என்று வீடியோவில் சொன்னார்களே?
ஒரே மாதம் என்று கிடையாது. ஒரே கூட்டத்தில் ஒரு கலை (ஆண் மான்) முற்றிய கொம்போடு நிற்கும். பக்கத்திலேயே இன்னொன்று வெல்வெட் (மென்மயிர்த் தோல்) மூடிய குருத்தோடு மேயும். கடமான் (தெற்கே மிளா) பெரும்பாலும் கோடையில் உதிர்த்து, மழையில் புதுசு வளர்க்கும். நீங்கள் எழுதிய ஜனவரி கணக்கு அமெரிக்க வெள்ளைவால் மானுடையது. வீடியோ எந்த ஊர் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிண்டியில் வெளிமானின் முறுக்குக் கொம்பு விழுந்து கிடக்குமா?
கிடக்காது. அது இரலை, ஆடு மாட்டு இனம். கொம்பு ஆயுசுக்கும் ஒன்றுதான். போன வருஷமும் எழுதினேன்.

கவையை (கொம்பின் கிளையை) எண்ணி வயது சொல்லலாமா?
முடியாது. வளர்ந்த புள்ளிமானுக்கும் கடமானுக்கும் பக்கத்துக்கு மூன்று கவை, அவ்வளவுதான். முதல் கொம்பு மட்டும் கிளையில்லாத குச்சி. பருமனைத் தீர்மானிப்பது வயதோடு தீனியும்.

மசினகுடி வருகிறோம். பெரிய கடமான் கொம்பு எந்தப் பக்கம் கிடைக்கும்? வரவேற்பறையில் மாட்ட வேண்டும்.
கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூச்சமே இல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். முதலில், முதுமலைச் சாலையில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. அடுத்தது, "கீழே கிடந்ததுதானே, யாரையும் கொல்லலையே" என்ற அந்தப் பாட்டு. முப்பது வருஷமாகக் கேட்கிறேன். 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உதிர்ந்த கொம்பும் அரசுச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிலோ காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும். தானாக விழுந்ததா, சுட்டு அறுத்ததா என்று துண்டு போட்டபின் யார் கண்டுபிடிப்பது? உதிர்ந்ததற்கு விலை வைத்தால் உதிராததையும் வெட்டிக் கொண்டுவருவான்.

ஒருமுறை ஒருவர் கார் பானெட்டில் கொம்பை வைத்துப் படம் எடுத்து எனக்கே அனுப்பி, "எத்தனை வயசு சார்?" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மண்டையோடு ஒட்டியிருந்தது. உதிர்ந்த கொம்பின் அடி சொரசொரவென்று, லேசாகப் புடைத்து, எலும்பு ஒட்டாமல் இருக்கும். மண்டையோடு வந்தால் மான் செத்திருக்கிறது. அவரிடம் வயதைச் சொல்லவில்லை. வனச்சரகர் எண்ணைக் கொடுத்தேன். பதிலே இல்லை.

பாருங்கள், படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே விடுங்கள்.

கல்லூரி வளாகத்தில் கிடந்த கொம்பில் வரிவரியாகப் பல் தடம். நாயா?
வரி இணைவரியாக இருந்தால் முள்ளம்பன்றி. சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும். மான்களே சில சமயம் சப்பும். எடுத்து ஒளித்து வைத்தால் அதற்குத்தான் நஷ்டம்.

இரண்டு கொம்பும் சேர்ந்தே விழுமா?
அபூர்வம். ஒன்று இன்று, இன்னொன்று நாளையோ மறுநாளோ, வேறு புதரில். ஒற்றைக் கொம்போடு நடப்பதைப் பார்த்து "அடிபட்ட மான்" என்று போன் செய்யாதீர்கள்.

பெட்டை மானுக்குக் கொம்பு உண்டா?
நம் மான்களில் இல்லை. ஆண் மானுக்கு மட்டும். வடதுருவப் பக்கத்து ரெயின்டீரில் பெட்டைக்கும் உண்டு, அது இங்கே இல்லை.

தாத்தா சுவரில் மாட்டிய கொம்பை விற்கலாமா?
கூடாது. தாத்தா பெயரில் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பெட்டியைத் தேடுங்கள். இல்லையென்றால் எனக்கு எழுதாதீர்கள், மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள்.