அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். மணமுறிவு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வயதில் ஒரு மகள். ஆசிரியர் சங்கத் தலைவர் தேர்தலில் நிற்கும்படி உடன் பணிபுரிவோர் வற்புறுத்துகிறார்கள். ஐஸ்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்த விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் அது பெண்களை மதிக்கும் நாடு. இங்கே என் மணமுறிவைத்தான் பேசுவார்கள். வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. மூட்டுவலியால் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துதான் ஏறுகிறார் என்றாலும், குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வார். குழந்தையின் அப்பாவும் இதே ஊர்தான், ஞாயிறுகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். நான் நிற்கலாமா?

பதில்: பேசத்தான் செய்வார்கள். விக்டிஸையும் விட்டுவைக்கவில்லை. 1980இல் அவர் போட்டியிட்டபோது, மணமுறிவு பெற்றவர், தனியாகக் குழந்தை வளர்ப்பவர் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், புற்றுநோய்க்காக அவருடைய ஒரு மார்பகம் அகற்றப்பட்டிருந்ததையும் பலர் முன்னிலையில் கேள்வியாக்கினார்கள். நாட்டுக்குப் பாலூட்டும் எண்ணம் எனக்கில்லை, தலைமை தாங்கத்தான் வந்திருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அவர் வாக்குக் கேட்கப் போனார். பெண்களை மதிக்கும் நாடு என்கிறீர்கள். அந்த ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் 60 உறுப்பினர்களில் பெண்கள் 3 பேர்தான். மூன்று ஆண்களை எதிர்த்து நின்ற அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 34 சதவீத வாக்குகள். இரண்டாவதாக வந்தவரைவிட 2,000க்கும் குறைவான வாக்குகளே கூடுதல். அதை வைத்துக்கொண்டு ஆளத் தொடங்கியவர் 1996 வரை 16 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஊர் வாய்க்குப் பயந்து நிற்காமலிருப்பதென்றால் அது உங்கள் விருப்பம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து ஏறும் ஒரு முதியவரை, 'என்றாலும்' என்ற ஒரே சொல்லால் தாண்டிப் போய், குழந்தையை அவர் தலையில் வைத்துவிட்டு, கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குக் கவலை இல்லை? அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால், 'பார்த்துக்கொள்கிறேன் என்றார்' என்று எழுதியிருப்பீர்கள். 'பார்த்துக்கொள்வார்' என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். சங்கத் தேர்தலில் உங்கள் சம்மதம் இல்லாமல் யாராவது உங்கள் பெயரை முன்மொழிந்தால் சும்மா இருப்பீர்களா?

விக்டிஸின் வாழ்க்கையைப் படித்த நீங்கள் 1980இல் தொடங்கியிருக்கிறீர்கள். 1975 அக்டோபர் 24ஆம் நாளிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதத்தினர் அலுவலக வேலையை மட்டுமல்லாமல் சமையலையும் குழந்தை வளர்ப்பையும் சேர்த்தே நிறுத்தினார்கள். பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடிக் கிடக்க, தந்தையர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். பிள்ளைகளுக்கு எளிதில் சமைத்துப் போடலாம் என்று ஆளாளுக்கு வாங்கியதில் கடைகளில் சாசேஜ் என்ற இறைச்சிக் குழல் தீர்ந்துபோனது. ஏறக்குறைய 2,20,000 பேர் மட்டுமே வாழ்ந்த அந்த நாட்டில், தலைநகர் ரெய்க்யவிக்கின் திடலில் மட்டும் சுமார் 25,000 பெண்கள் கூடினார்கள். ஒரு நாடகக் குழுவின் கலை இயக்குநராக இருந்த விக்டிஸும் ஒத்திகையை விட்டுவிட்டு அங்கே போனார். அந்த நாள் இல்லாதிருந்தால் தாம் குடியரசுத் தலைவராகியிருக்க முடியாது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் பெண் செய்யும் வேலைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று நாடறியச் சொன்ன அந்தப் போராட்டத்தின் பலனை மெச்சுகிற நீங்கள், உங்கள் வீட்டில் அதே வேலையைச் செய்யும் பெண்ணுக்கு ஒரு கேள்வியைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

குழந்தையின் அப்பாவுக்கு வருகிறேன். இதே ஊரில் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும் என்று யார் தீர்மானித்தது? மணமுறிவு உங்கள் இருவருக்கும் இடையில் நடந்தது. குழந்தைக்கும் அவருக்கும் இடையில் எதுவும் முறியவில்லை. கணவர் மீதுள்ள மனக்கசப்பில் தகப்பனின் கடமையைத் தள்ளுபடி செய்து, அந்தச் சுமையை உங்களைப் பெற்றவளின் முழங்காலில் ஏற்றியிருக்கிறீர்கள். இதை நான் பல கடிதங்களில் பார்த்துச் சலித்துவிட்டேன். விக்டிஸின் குழந்தைக்கு இப்படியொரு தகப்பனும் இல்லை. 1972இல் அவர் பெண் குழந்தையைத் தத்தெடுத்தபோது, தனித்து வாழும் பெண்ணுக்கு அந்நாட்டில் அந்த அனுமதி கிடைத்தது அதுவே முதல் முறை. உங்களுக்கோ, பங்குக்கு ஆள் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 1985இல், அதே அக்டோபர் 24ஆம் நாள், பெண்கள் மீண்டும் வேலை நிறுத்தம் செய்துகொண்டிருந்தபோது, விமானப் பணிப்பெண்களின் வேலை நிறுத்தத்தைத் தடை செய்யும் சட்டம் விக்டிஸின் கையெழுத்துக்கு வந்தது. கையெழுத்திடாமல் சில மணி நேரம் தாமதித்தார், பிறகு கையெழுத்திட்டார். அதை இன்றும் குறை சொல்வோர் இருக்கிறார்கள், நான் சொல்லமாட்டேன். சங்கத் தலைவர் பதவியிலும் மனம் ஒப்பாத காகிதங்கள் உங்கள் மேசைக்கு வரும், இரவு ஒன்பது மணியானாலும் கூட்டம் முடியாது. அந்த நேரத்தில் வீட்டில் ஒரு முதியவர் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இன்றிரவு அம்மாவிடம் கேளுங்கள். எத்தனை நாள், எத்தனை மணிவரை என்று சொல்லிக் கேளுங்கள். 'உனக்காக எதையும் செய்வேன்' என்று அவர் சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், முடியாத நாட்கள் எவை என்று மறுபடியும் கேளுங்கள். அந்த நாட்களில் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், வீட்டுப்பாடமும், இரவுச் சாப்பாடும் குழந்தையின் அப்பாவின் பொறுப்பு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிவியுங்கள். அவர் தட்டிக் கழித்தால் உங்கள் சம்பளத்திலிருந்து சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வையுங்கள், அம்மா மாடி ஏறாமல் இருக்கத் தரைத்தள வீடு பாருங்கள். இவை முடிந்த பிறகு வேட்புமனுவை வாங்குங்கள்.