பட்டறைப் பதில்கள்: பாலம் ஏற எத்தனை வாட்?

கேள்வி: அண்ணே, பாம்பனில் மீன் எடுத்து, பாலம் தாண்டி மண்டபம் பக்கம் தெருத்தெருவாக விற்கிறேன். அப்பா ஓட்டிய டபுள் பார் சைக்கிள், பின்னால் ஐஸ் பெட்டி. மீனும் ஐஸுமாக 60 கிலோ. ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர். மோட்டார் போட விசாரித்தால், 1000 வாட் இருந்தால்தான் பாலம் ஏறும் என்கிறார்கள். அப்படியா? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: தம்பி, அவர்கள் பாலத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நீங்கள் காற்றைப் பாருங்கள்.

ஆள் 65, சைக்கிள் 25, சரக்கு 60, ஆக 150 கிலோ. பாலம் 100 அடிக்கு 3 அடி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 12 கிலோமீட்டரில் போனால், காற்றில்லாத நாளில் 200 வாட் போதும். சமதரையில் அதில் கால்வாசி. கச்சான் காற்று அடித்தால்தான் கதை மாறும். எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதைக் கிழித்துப் போக மட்டும் இன்னொரு 170 வாட் ஆகும். ஏற்றமும் காற்றும் சேர்ந்து 370. அதில் 80, 100 வாட்டை உங்கள் காலே கொடுத்துவிடும். மீதியை 250 வாட் மோட்டார் கொஞ்சம் மூச்சுப் பிடித்து இழுத்துவிடும். பாலம் மொத்தமே இரண்டேகால் கிலோமீட்டர் சொச்சம், ஏற்றம் அதில் பாதி. ஆறு நிமிஷம் மோட்டார் தாங்கும்.

அதோடு, மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற மின் சைக்கிளுக்குத்தான் மத்திய மோட்டார் வாகன விதியில் பதிவு, லைசென்ஸ் விலக்கு. 1000 வாட் மாட்டினால் அது சைக்கிள் கணக்கில் வராது.

வாட்டைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது. 28 இஞ்ச் சக்கரம் 190 சுற்று சுற்றினாலே 25 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அதனால் 200 சுற்று மோட்டாராகப் பாருங்கள். 300க்கு மேல் சுற்றுகிற மோட்டாரைச் சுமையோடு பாலத்தில் மெதுவாக ஏற்றினால், கரண்டைக் குடித்துச் சூடாகுமே தவிர இழுக்காது.

சக்கரத்தின் நடுவில் உட்காருகிற ஹப் மோட்டாரில், உள்ளே பல்சக்கரம் உள்ள கியர் வகை வாங்குங்கள். மூன்று, நான்கு கிலோதான் எடை. சார்ஜ் தீர்ந்தாலும் சக்கரம் லேசாகச் சுற்றும். கியர் இல்லாத ஹப் மோட்டார் எடையும் கூட, மிதிக்கும்போது பிடித்து இழுக்கவும் செய்யும்.

முன்னாலா பின்னாலா? மற்ற ஊர்க்காரர் கேட்டால் பின்னால் என்பேன். உங்களுக்கு முன்னால்தான். ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுகிற மீன் தண்ணீர் நேராகப் பின் அச்சில்தான் விழும். உங்கள் பின் செயினைப் பாருங்கள், புரியும். இன்னொன்று, ரிம்மில் கம்பி ஓட்டையை எண்ணுங்கள். நம் பழைய சைக்கிள்களில் பின்னால் 40, முன்னால் 32 இருப்பது வழக்கம். மோட்டாரிலோ பெரும்பாலும் 36. ஆகவே ரிம் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது ராட் பிரேக் கட்டை உட்காருகிற ரிம்தானா என்று வண்டியில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். கம்பி ஸ்டெயின்லெஸ். கடற்கரை மணலில் முன் சக்கரம் வழுக்கும், அங்கே மட்டும் மோட்டாரை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள்.

டார்க் ஆர்ம் இரண்டு பக்கமும் கட்டாயம். அச்சின் தட்டைப் பக்கத்தைக் கவ்விப் பிடித்து ஃபோர்க்கோடு இறுக்குகிற இரும்புத் தகடு அது. என் மச்சான் வண்டிக்கு அது இல்லாமல் மாட்டிக் கொடுத்தேன். நட்டை இறுக்கினால் போதும் என்று மோட்டார் விற்றவர் சொன்னதை நம்பினேன். ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் அச்சு இருந்த இடத்திலேயே சுழன்று, வயரைப் புடவை பிழிகிற மாதிரி முறுக்கிப் பிய்த்துவிட்டது. பெட்டி நிறையப் பாறை மீன். ஐஸ் உருகுவதற்குள் மண்டபம் போய்ச் சேர வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினார். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பேட்டரி? சுமையும் காற்றுமாகக் கிலோமீட்டருக்கு 15 வாட் மணி என்று கணக்கு வைத்தால் 25 கிலோமீட்டருக்கு 375. 36 வோல்ட், 13 ஆம்பியர் மணி வாங்கினால், இரண்டையும் பெருக்க 468 கிடைக்கும், மீதம் கையிருப்பு. நம் வெயிலுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நல்லது. இணைப்புகளில் வாசலின் தடவுங்கள். அச்சுக்குள் நுழைகிற வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: பெடல் அச்சில் மாட்டுகிற மிட் டிரைவ் மோட்டார்தான் சிறந்தது என்கிறார்களே? (கீழக்கரை வாசகர்)

பதில்: கியர் மாற்றுகிற சைக்கிளுக்கு. ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கு அதன் அருமை பாதி வீண், செயின்தான் சீக்கிரம் தேயும். உப்புக் காற்றில் செயின் என்ன பாடு படும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அண்ணே, பாலம் இறங்கும்போது பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறுமா? (தேவிபட்டினம் வாசகி)

பதில்: கியர் ஹப்பில் ஏறாதும்மா, உள்ளே இருக்கிற கிளட்ச் விடாது. கியர் இல்லாத மோட்டாரில் ஏறும். ஆனால் 150 கிலோ வண்டி 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று தாராளமாக வைத்து, துளி வீணாகாமல் பிடித்தாலும் 8 வாட் மணிதான். அரை கிலோமீட்டர் ஓடும். அதற்காக மூன்று, நான்கு கிலோ கூடுதல் எடையைத் தினமும் சுமக்க வேண்டாம்.