பிரளயம் ஒன்றா, பலவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய வரலாறு குறித்த மாற்றுக் கோட்பாடுகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் ஒரு வால்நட்சத்திரத்தின் சிதறல்கள் பூமியைத் தாக்கின. அதனால் எழுந்த பெருவெள்ளத்தில் மிக முன்னேறிய ஒரு நாகரிகம் அழிந்தது. தப்பிப் பிழைத்தவர்களே மற்ற மக்களுக்கு வேளாண்மையையும் கட்டடக்கலையையும் கற்பித்தார்கள் என்கிறார்கள். உலகெங்கும் பிரளயக் கதைகள் இருப்பது இதற்குச் சான்றாகாதா? ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளரையும் அவர் காலத்து அறிஞர்கள் மறுத்தார்கள்; பின்னர் அவர் சொன்னதே சரி என்றாயிற்று. இன்றைய தொல்லியலாளர்கள் இக்கோட்பாட்டை மறைக்க முயல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்த நாகரிகத்தின் தடயங்கள் கடலுக்கடியில் இருக்கலாம் அல்லவா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மிக வலுவான வாதம் பிரெட்ஸைப் பற்றியது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிழக்குப் பகுதியில், எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை நிலத்தைப் பிளந்துகொண்டு பெரும் வறண்ட கால்வாய்கள் ஓடுகின்றன. ஆறே இல்லாத இடங்களில் அருவி விழுந்த செங்குத்தான விளிம்புகளும் அவற்றின் அடியில் ஆழமான குழிகளும் உள்ளன. இவற்றை ஒரே பெருவெள்ளம் குறுகிய காலத்தில் செதுக்கியிருக்க வேண்டும் என்று பிரெட்ஸ் 1923இல் எழுதினார். மெதுவான இயற்கைச் செயல்களே நிலத்தை உருவாக்குகின்றன என்பது அன்றைய நிலவியலின் அடிப்படை நம்பிக்கையாக இருந்தபடியால், 1927இல் வாஷிங்டன் நகரில் நடந்த கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவரை மறுத்தார்கள். அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் உறுதியான பதில் இல்லை.

பதில் ஜோசப் பார்டி என்ற மற்றொரு நிலவியலாளரிடம் இருந்தது. பனியுகத்தில் பனிப்பாறை ஒன்று ஆற்றை அடைத்ததால், வாஷிங்டன் மாநிலத்துக்குக் கிழக்கே மொன்டானாவில் உருவான மிசௌலா ஏரியைப் பற்றி அவர் 1910லேயே எழுதியிருந்தார். அந்த ஏரி சட்டென்று வடிந்ததற்கு அடையாளமாக, ஆற்று மணலில் நாம் காணும் அலைவரிகளைப் போன்றே, ஆனால் பல மீட்டர் உயரத்தில் அமைந்த சரளைக்கல் அலைவரிகளை 1940களின் தொடக்கத்தில் அவர் விவரித்தார். ஏறத்தாழ 600 மீட்டர் உயரமுள்ள பனி அணை உடைந்து, சுமார் 2,000 கன கிலோமீட்டர் நீர் சில நாட்களில் வெளியேறியிருக்கிறது. தொண்ணூறு வயதைக் கடந்த பிரெட்ஸுக்கு 1979இல் அமெரிக்க நிலவியல் சங்கம் தன் மிக உயர்ந்த விருதான பென்ரோஸ் பதக்கத்தை வழங்கியது.

பிரெட்ஸ் வென்றதற்குக் காரணம், அவர் சுட்டிய கால்வாய்க்கு எவரும் நடந்துசென்று பார்க்க முடிந்ததுதான். கால்வாயும் அருவி விளிம்பும் ஏரியும் சரளை அலைவரியும் ஒன்றோடொன்று பொருந்தின. அதன் பிறகும் ஆய்வு அவர் கருத்தை அப்படியே விட்டுவைக்கவில்லை. பனி அணை மீண்டும் மீண்டும் உருவாகி உடைந்தது, வெள்ளம் பல பத்து முறை வந்தது என்பதே இன்றைய முடிவு. ஆக, அவர் கண்ட பேரழிவு உண்மை. அது ஒன்றே ஒன்று என்று அவர் எண்ணியது மட்டும் திருத்தப்பட்டது. டைனோசர்களின் அழிவுக்கு விண்கல் காரணம் என்று 1980இல் ஆல்வாரஸ் குழுவினர், பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகத்தின் படிவை முன்வைத்துச் சொன்னதும், 1991இல் மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளம் அதற்கு உரியதாக அடையாளம் காணப்பட்டதும் இதே வழியில்தான். பேரழிவு என்ற சொல்லைக் கேட்டு இன்றைய நிலவியல் அஞ்சுவதில்லை.

12,900 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுக்கு வருகிறேன். அப்போது வட அரைக்கோளம் திடீரென்று குளிர்ந்து, அக்குளிர் ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் நீடித்தது என்பதில் ஐயமில்லை. உருகிய பனியின் நன்னீர் வட அட்லாண்டிக்கில் கலந்து, வெப்பத்தை வடக்கே கொண்டுசெல்லும் கடல் நீரோட்டத்தைத் தளர்த்தியது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். விண்பொருள் தாக்கியது என்ற கருதுகோள் 2007இல் முறையான ஆய்விதழில் வெளியாயிற்று. அதை எவரும் மறைக்கவில்லை. 2018இல் கிரீன்லாந்துப் பனிக்கடியில் 31 கிலோமீட்டர் அகலமுள்ள ஹையவாத்தா பள்ளம் அறிவிக்கப்பட்டபோது அக்கருதுகோளின் ஆதரவாளர்கள் பெரிதும் நம்பிக்கை கொண்டார்கள். அதன் வயது 5.8 கோடி ஆண்டுகள் என்று 2022இல் தெரியவந்தது. கிரீன்லாந்துப் பனியில் அக்காலத்துக்குரிய அடுக்கில் பிளாட்டினம் மிகுந்திருப்பது போன்ற சில தடயங்கள் இன்னும் விவாதத்தில் உள்ளன, அவ்விவாதம் நடக்கட்டும். ஆனால் நாளையே தாக்குதல் உறுதியானாலும் ஒரு நாகரிகம் இருந்தது என்பது அதனால் உறுதியாகாது. வானிலிருந்து கல் விழுந்ததற்கான சான்று ஒன்று, நிலத்தில் நகரம் இருந்ததற்கான சான்று வேறொன்று. நீங்கள் வாசித்த எழுத்துகள் முதலாவதைப் பற்றிய பேச்சின் வேகத்திலேயே இரண்டாவதையும் வாசகரிடம் ஒப்படைத்துவிடுகின்றன.

பிரளயக் கதைகள் குறித்து உங்களோடு பாதி வழி வருகிறேன். தொன்மங்கள் நிகழ்ந்தவற்றை நினைவில் வைத்திருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். வான்கூவர் தீவிலிருந்து வட கலிபோர்னியா வரையுள்ள பசிபிக் கரையோரத் தொல்குடிகள், இடிப்பறவைக்கும் திமிங்கிலத்துக்கும் நடந்த போரில் நிலம் அதிர்ந்து கடல் ஏறியது என்று கதை சொல்லி வந்தார்கள். குளிர்கால இரவொன்றில் பச்சீனா வளைகுடாவில் ஒரு கிராமமே அழிந்ததாக அவர்களில் ஒரு குடியினர் நினைவுகூர்ந்தார்கள். அக்கரையில் பெரும் நிலநடுக்கம் வருமா என்று நிலவியலாளர்கள் ஐயுற்ற காலம் உண்டு. 1980களில் பிரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர் சதுப்பு மண்ணைத் தோண்டி, நிலம் சட்டென்று தாழ்ந்ததையும் அதன் மேல் கடல் மணல் படிந்ததையும் காட்டினார். உப்புநீரில் மூழ்கி நின்றபடியே செத்த செந்தேவதாரு மரங்களின் வளையங்கள், அவை 1699ஆம் ஆண்டின் வளர்பருவம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இறந்தன என்று கூறின. நிலநடுக்கம் எதையும் உணராத ஜப்பானியக் கரையில் ஓர் ஆழிப்பேரலை வந்து தாக்கியதாக அந்நாட்டு ஆவணங்கள் குறித்து வைத்திருந்தன. எல்லாம் சேர்ந்து 1700 ஜனவரி 26ஆம் நாள் இரவைச் சுட்டின. நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 9. கதை, மண், மரம், ஆவணம் ஆகிய நான்கும் ஒரே இரவில் வந்து சேர்வதை நினைக்கும்போதெல்லாம், கதை சொன்ன அம்மக்களின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

அந்தக் கதை அந்தக் கரையின் கதை என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இன்றைய ஈராக்கை உள்ளடக்கிய மெசொப்பொத்தேமியாவின் வெள்ளக் கதை இரண்டு ஆறுகளின் வண்டல் சமவெளியில் பிறந்தது. அங்கே ‘ஊர்’ (Ur) என்ற பண்டைய நகரில் 1920களின் இறுதியில் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி தடித்த வண்டல் படிவைக் கண்டு அதுவே பிரளயம் என்று அறிவித்தார். ஆனால் கிஷ், ஷுருப்பக் ஆகிய நகரங்களின் வெள்ளப் படிவுகள் அதன் காலத்தோடு பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரும் தன் வெள்ளத்தைத் தனியே கண்டிருக்கிறது. எகிப்தையும் பாருங்கள். நைல் ஆண்டுதோறும் கரைபுரண்டு வயலை வளப்படுத்திய அந்நாட்டில், மனிதகுலத்தை வெள்ளம் அழித்த கதை முதன்மை பெறவேயில்லை. அங்கே மனிதர்களை அழிக்கப் புறப்படுபவள் ஒரு சிங்கமுகத் தெய்வம், அவளைத் தடுப்பது சிவப்பேற்றிய மது. உலகம் முழுவதையும் ஒரே வெள்ளம் மூடியிருந்தால், ஆற்றோரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து இத்தனை எழுதிவைத்த ஒரு சமூகம் அதை எப்படி விட்டிருக்கும்? எல்லாக் கதைகளையும் ஒரே பிரளயத்தின் எதிரொலியாக்கும்போது ஒவ்வொரு மக்களும் தம் மண்ணில் கண்டதும் இழந்ததும் மறைந்துபோகின்றன.

இக்கோட்பாட்டில் என்னை உண்மையில் வருந்தச் செய்வது, தப்பிப் பிழைத்தவர்கள் கற்பித்தார்கள் என்ற பகுதி. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள கிரேட் சிம்பாப்வே என்ற பழைய நகரின் கற்சுவர்களை, பண்டைய மத்தியதரைக்கடல் வணிகர்களான ஃபீனிசியர்களோ விவிலியம் கூறும் ஷீபா அரசியின் ஆட்களோ கட்டியிருக்க வேண்டும் என்று காலனிய ஆட்சியாளர்கள் விரும்பி நம்பினார்கள். அவை ஆப்பிரிக்கர்களே இடைக்காலத்தில் கட்டியவை என்று 1929இல் அகழாய்வு செய்த கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் நிறுவினார். வட அமெரிக்காவின் மண்மேடுகளுக்கும் காணாமற்போன ஓர் இனத்தைக் கற்பனை செய்தார்கள். தொல்குடிகளின் முன்னோரே அவற்றை எழுப்பினார்கள் என்று சைரஸ் தாமஸின் 1894ஆம் ஆண்டு அறிக்கை முடிவுகட்டியது. இன்று இக்கோட்பாட்டைச் சொல்பவர்கள் எல்லோருக்கும் அந்த நோக்கம் உண்டு என்று நான் கூறவில்லை. ஆனால் கட்டியவர்களிடமிருந்து கட்டியதைப் பிரிக்கும் விளைவு இன்றும் அதுவே.

மறைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1950இல் இம்மானுவேல் வெலிகோவ்ஸ்கி, வெள்ளிக்கோள் பூமியை நெருங்கி வந்ததே பண்டைய பேரழிவுகளுக்குக் காரணம் என்று எழுதியபோது, வானியலாளர்கள் சிலர் தந்த நெருக்கடியால் முதல் பதிப்பாளர் அந்நூலைக் கைவிட்டார். அது அறிவுலகுக்கு இழுக்கான செயல், அதை நியாயப்படுத்த மாட்டேன். அவர் கோட்பாடு வீழ்ந்ததோ வேறு காரணங்களால்: வானியக்கவியல் அதற்கு இடம்தரவில்லை, அவர் சொன்ன காலத்துப் பேரழிவின் சுவடு பனி அடுக்குகளிலும் மரவளையங்களிலும் இல்லை. தொல்லியலுக்குக் கருத்தை மாற்றிக்கொள்ளும் திறன் இல்லை என்பதும் சரியன்று. துருக்கியின் கோபெக்லி தெப்பேயில் 1995 முதல் கிளாஸ் ஷ்மித் நடத்திய அகழாய்வு, ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடிகளே ஐந்து மீட்டருக்கும் உயரமான தூண்களை நிறுத்தியதைக் காட்டி, வேளாண்மை வந்த பிறகே பெருங்கட்டடம் வந்தது என்ற பழைய பாடத்தைத் தலைகீழாக்கியது. அதைச் செய்தவர் நிறுவனத்துக்குள் இருந்த தொல்லியலாளர். அங்கே கிடைத்த எலும்புகள் காட்டு விலங்குகளுடையவை; கோதுமை அதே வட்டாரத்தில் பின்னர் மிக மெதுவாக, தலைமுறை தலைமுறையாகக் காட்டுப்புல்லிலிருந்து பயிராக மாறியது. ஆசிரியர்கள் வந்து கற்பித்திருந்தால் முற்றிய பயிரல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

கடைசியாகக் கடல். பனியுக உச்சத்திலிருந்து கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்திருக்கிறது. மனிதர் வாழ்ந்த பரந்த கரையோரங்கள் மூழ்கியது உண்மை. அக்கரையோரங்களிலிருந்து தடயங்கள் கிடைத்தும் வருகின்றன. பிரான்சின் தென்கரையில் நீருக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் வாயில் கொண்ட கோஸ்கேர் குகையில் பனியுக ஓவியங்கள் உள்ளன. இஸ்ரேல் கரையருகே அத்லித் யாம் என்ற மூழ்கிய ஊரில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிணறும் தானியமும் கல்லறைகளும் கிடைத்தன. பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே மூழ்கிய டாகர்லாந்திலிருந்து வேட்டைக் கருவிகள் வலைகளில் ஏறி வந்திருக்கின்றன. இவை அந்தந்தக் காலத்து நிலத்தில் நாம் காணும் வேட்டையாடிகளும் முதல் உழவர்களும் விட்டுச்சென்றவை. கடல்கடந்து பயணித்த பெருநாகரிகம் கரையில் மட்டும் தங்கியிருக்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிரேக்க, ரோமானியர் உலோகம் உருக்கிய புகையின் ஈயம் கிரீன்லாந்துப் பனியில் இன்றும் அளக்கக் கூடியதாக இருக்கிறது. பனியுக இறுதியின் அடுக்குகளில் அப்படி ஓர் உலைப்புகை பதிந்திருப்பதாகவோ, பனியுகக் காலத்தது என்று உறுதியான மூழ்கிய கரையொன்றில் உருக்கிய செம்பின் கசடோ பயிராக்கப்பட்ட தானியமோ கிடைத்ததாகவோ நாளை ஓர் ஆய்வு வருமானால், அதை இதே பக்கத்தில் முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன்.

அன்புடன்.