வாசகர் கேள்வி: அரச அறிக்கையை அப்படியே செய்தியாக்கலாமா?

கேள்வி: ஹட்டனிலிருந்து ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் செய்தி அனுப்பி வருகிறேன். அரசாங்கத் தகவல் திணைக்களமும் ஜனாதிபதி ஊடகப் பிரிவும் வெளியிடும் அறிக்கைகளிலிருந்தே எனக்குப் பெரும்பாலான அரசியல் செய்திகள் கிடைக்கின்றன. கொழும்புக்குச் சென்று அமைச்சர்களைச் சந்திக்க எனக்கு வசதியில்லை. அந்த அறிக்கைகளை அப்படியே எழுதுவது தவறா, ஐயா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: அறிக்கையைப் பயன்படுத்துவது தவறன்று, தம்பி. அரசாங்கம் என்ன சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று கிடையாது. வாராந்த அமைச்சரவை முடிவுகளை அதன் துணையின்றி எந்தப் பத்திரிகையாலும் முழுமையாகத் தர முடியாது. ஆனால், சொல்லப்பட்டது தேயிலைத் தோட்டத்தில் நடந்ததா என்பதற்கு அந்த அறிக்கை சான்றாகாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதும்போதுதான் நமது மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள்.

2024ஆம் ஆண்டு மே தினத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாவாக உயர்த்தப்படுவதாக அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கொட்டகலையில் அறிவித்தார். 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமும் 350 ரூபா விசேட கொடுப்பனவும் சேர்ந்ததே அந்தத் தொகை. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உச்ச நீதிமன்றம், அந்தச் சம்பள உயர்வுக்கான வர்த்தமானிக்கு, அதாவது அரசிதழ் அறிவித்தலுக்கு, இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா என்ற அளவிலேயே புதிய தீர்மானம் வந்தது. மே மாதத்தில் “சம்பளம் 1,700 ரூபாவானது” என்று எழுதியவரின் செய்தி இரண்டு மாதங்களில் பொய்யாகிவிட்டது. “உயர்த்தப்படும் என ஜனாதிபதி அறிவித்தார்” என்று எழுதியவரின் செய்தியோ இன்றும் உண்மையாகவே நிற்கிறது. வினைச்சொல்லில் நீங்கள் காட்டும் இந்தக் கவனம், அந்தச் செய்தியை நம்பிக் கடைக்கணக்கை உயர்த்திக்கொள்ளும் ஒரு குடும்பத்துக்கு மிகவும் பெரிய விடயம்.

மேலும், எந்த அறிக்கையும் “பேர்” பற்றி, அதாவது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியப்படும் நாட்சம்பளக் கணக்கு பற்றி, பேசுவதில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்பதும், மழைக்காலத்தில் மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதும் கொழும்பில் அறிக்கை தயாரிப்பவரின் கண்ணுக்குப் படாதவை. உங்களுக்கோ அவை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கொழும்புக்குப் போக முடியவில்லை என்று வருந்தாதீர்கள். அறிக்கை கிடைத்த அன்று மாலையே மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்கும் பெண்களிடம் பேசுங்கள். சம்பளம் போட்ட பிறகு இரண்டு மூன்று பேரின் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். அவர்களின் பெயரை மட்டும் அச்சில் போடாதீர்கள். வர்த்தமானியையும் நீங்களே வாசியுங்கள், ஏனெனில் அறிக்கை அதன் சுருக்கமே தவிர அதற்கு ஈடாகாது.

அறிக்கை மறைக்கும் எண்ணிக்கை ஏதேனும் தேவைப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு பிரஜையாக நீங்களே விண்ணப்பிக்கலாம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அன்றாடச் செய்திக்கு அது தாமதம்தான். ஆனால் எத்தனை வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன, எத்தனை குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடைத்தது போன்ற கேள்விகளுக்கு அதுவே நல்ல வழி.

கேள்வி: ஒரே அறிக்கையின் சிங்கள வடிவத்தில் இருக்கும் ஒரு வரி தமிழ் வடிவத்தில் இல்லாதிருப்பதைக் கண்டேன். எதை நம்புவது?
(வாசகி, பதுளை)

பதில்: இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தமைக்கு முதலில் எனது பாராட்டு. விடுபட்ட வரி எதுவென்று வெளியிட்ட அலுவலகத்திடமே தொலைபேசியில் கேளுங்கள்; தெளிவான பதில் கிடைக்காவிட்டால், சிங்கள அறிக்கையில் மட்டுமே அது காணப்படுகிறது என்று செய்தியிலேயே குறிப்பிடுங்கள். சட்டங்களைப் பொறுத்தவரை, முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அந்தச் சட்டங்களிலேயே எழுதப்படுவது வழக்கம். ஆகவே சட்டம் சார்ந்த செய்தியென்றால் சிங்கள உரையைப் பார்க்காமல் எழுதவே வேண்டாம். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசகரும மொழி. விடுபட்ட வரியைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கோரும் கடிதம் ஒன்றை அந்த அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள், அதன் பிரதியை எமக்கும் அனுப்பிவையுங்கள்.