பழைய காரில் யூஎஸ்பி போர்ட்: எந்த ஒயரிலிருந்து எடுப்பது?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் ஆல்ட்டோ இருக்கிறது. வெளியூர் போகும்போது போனில் மேப் போட்டால், சார்ஜ் ஏறுவதைவிட வேகமாக இறங்குகிறது. லைட்டர் சாக்கெட்டில் செருகும் சார்ஜர், பள்ளத்தில் வண்டி இறங்கினாலே கழன்றுவிடுகிறது. டேஷ்போர்டிலேயே யூஎஸ்பி போர்ட் வைத்துவிடலாம் என்று ஆக்சஸரீஸ் கடையில் கேட்டேன். “ஸ்டீரியோ ஒயரிலிருந்து எடுத்துத் தருகிறேன், பதினைந்து நிமிட வேலை” என்கிறார்கள். செய்யலாமா? பேட்டரி இறங்கிவிடுமா? அந்தப் போர்ட்டில் பென்டிரைவ் போட்டால் பாட்டு கேட்குமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: போர்ட் தாராளமாக வைக்கலாம். ஸ்டீரியோ ஒயரிலிருந்து மட்டும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், இப்போது இருக்கும் லைட்டர் சாக்கெட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

பழைய சாக்கெட்டின் அடியில் இருக்கும் பிளஸ் தகட்டில் தூசியும் கறுப்பும் படிந்திருக்கும். பக்கவாட்டுப் பிடிகளும் தளர்ந்திருக்கும். சார்ஜர் ஆடும்போது தொடர்பு விட்டுவிட்டு வருவதால், போன் சார்ஜை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிறது. லைட்டர் ஃபியூஸை முதலில் பிடுங்கிவிட்டு, உப்புத்தாளால் அந்தத் தகட்டை லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். ஃபியூஸைப் பிடுங்காமல் ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் நடுத் தகடும் ஓரமும் ஷார்ட் ஆகும். ஒரு ரூபாய்க் காசு உள்ளே விழுந்து ஃபியூஸ் போன கார்களும் உண்டு. “சாக்கெட் செத்துப்போச்சு” என்று ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, சார்ஜரும் கேபிளும். யூஎஸ்பி 2.0 தரப்படி ஒரு போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். திரை முழு வெளிச்சம், ஜிபிஎஸ், மொபைல் டேட்டா மூன்றும் ஓடும் போனுக்கு அது போதாது. உங்கள் போனில் சார்ஜ் ஏறாமல் இறங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பிளாட்ஃபாரத்தில் வாங்கும் சார்ஜரின் மேல் 3.1 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் அதை நம்பத் தேவையில்லை. கேபிள் இன்னொரு திருடன். மெலிந்த கேபிள்களின் உள்ளே 28 கேஜ் கம்பி இருக்கும். மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் போக வர இரண்டு கம்பி, ஆக 0.42 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 5 வோல்ட்டில் கிளம்பியது போனுக்கு 4.2 வோல்ட்டாகச் சேர்ந்தால், போன் தானாகவே இழுக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். குட்டையான, தடித்த கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை, அல்லது டேஷ்போர்டிலேயே நிரந்தரமாக இருந்தால்தான் வசதி என்றால், போர்ட் வைப்பதுதான் வழி.

காரில் 12 வோல்ட் என்று சொல்கிறோமே தவிர, இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை தரும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளித்து 5 வோல்ட்டாக மாற்றுவது போர்ட்டுக்குள் இருக்கும் பக் கன்வெர்ட்டர். எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ள தம்பிகள் சிலர் 7805 ஐசி ஒன்றைப் போட்டு வேலையை முடிக்கலாம் என்பார்கள். அந்த ஐசி மிச்ச வோல்ட்டை முழுக்கச் சூடாக்கித்தான் தீர்க்கும். 14 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு, வெறும் 1 ஆம்பியர் எடுத்தாலே 9 வாட் சூடு. பிளாஸ்டிக் டேஷ்போர்டுக்குப் பின்னால் அதை வைக்கவே கூடாது.

இப்போது கடைக்காரர் சொன்ன ஸ்டீரியோ ஒயர். வெளியே வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் வருவது, சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வருவது, கறுப்பு எர்த். மஞ்சளில் போர்ட்டைக் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் போர்ட் உயிரோடு இருக்கும். சிவப்பு பெரும்பாலும் ஸ்டீரியோவை ஆன் ஆக்கும் சைகைக்காக மட்டும் போட்ட மெலிந்த ஒயர். 3, 4 ஆம்பியர் சுமையை அதில் ஏற்றுவது சரியில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டீரியோவின் எர்த்தையே போர்ட்டுக்கும் கொடுத்து, போனை ஆக்ஸ் கேபிளில் மாட்டினால் ஸ்பீக்கரில் ‘ங்ங்’ என்று ஓர் இரைச்சல் வரும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறும். ஸ்டீரியோதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சரியான இடம் ஃபியூஸ் பாக்ஸ். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட் ஒன்றில் தொட்டுக்கொண்டு, சிவப்பு முனையால் ஃபியூஸ்களின் தலையில் தெரியும் உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள். சாவி இல்லாதபோது பூஜ்யம், ஏசிசி நிலையில் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் வரும் அளவுக்குச் சாவியைத் திருப்பிய நிலை) 12 வோல்ட் காட்டும் ஃபியூஸ்தான் நமக்கு வேண்டியது. லைட்டர் அல்லது ரேடியோ ஃபியூஸ் வழக்கமாக அப்படி இருக்கும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், ஹெட்லைட் என்று எழுதியிருப்பவற்றின் பக்கமே போக வேண்டாம். ஏர்பேக் உள்ள கார் என்றால், மஞ்சள் உறை போட்ட ஒயரையோ மஞ்சள் கனெக்டரையோ மீட்டர் முனையால்கூடத் தொடக் கூடாது.

அந்த ஃபியூஸின் இடத்தில் ‘ஃபியூஸ் டேப்’ என்ற சின்னப் பொருளைச் செருக வேண்டும். ஒட்டும் டேப் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஃபியூஸ் செருகும் வசதியும் பின்னால் ஓர் ஒயரும் கொண்ட அடாப்டர் அது. பழைய ஃபியூஸ் பழைய வேலைக்கு, புது ஃபியூஸ் போர்ட்டுக்கு. ஃபியூஸில் பெரியது, மினி என்று அளவுகள் உண்டு. ஒன்றைப் பிடுங்கிக் கையில் எடுத்துப் போய்க் கடையில் காட்டி வாங்குங்கள். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைகளில் கேளுங்கள்.

ஃபியூஸ் டேப்பை எப்படித் திருப்பிச் செருகுவது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஃபியூஸைப் பிடுங்கியபின் இரண்டு துளைகள் தெரியும். சாவியை ஏசிசியில் வைத்து மீட்டரால் தொட்டால், ஒன்றில் மட்டும் 12 வோல்ட் இருக்கும். அதுதான் சப்ளை வரும் பக்கம். ஃபியூஸ் டேப்பின் இரண்டு கால்களில் ஒன்று இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவானது. அந்தக் கால் சப்ளை பக்கம் இறங்க வேண்டும். எந்தக் கால் பொது என்பதை, மீட்டரைப் பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மாற்றிச் செருகினாலும் போர்ட் வேலை செய்யும், அதனால் தப்பு வெளியே தெரியாது. ஆனால் போர்ட்டின் கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடி, ஒருநாள் ரேடியோவும் சேர்ந்து நிற்கும்.

புது ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? கணக்கு எளிது. தலா 18 வாட் தரும் இரண்டு வாய் கொண்ட போர்ட் என்றால் மொத்தம் 36 வாட். மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்து 40 வாட் என்று வையுங்கள். 12 ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். ஆக 5 ஆம்பியர் ஃபியூஸ், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். “அடிக்கடி போகாமல் இருக்க 15 போட்டுவிடுவோம்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. மெல்லிய ஒயருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் ஒயர்தான் எரியும். இதே காரணத்தால், லைட்டர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அதன் ஒயரிலேயே போர்ட்டை மாட்டுபவர்களும் நடுவில் ஒரு 5 ஆம்பியர் இன்லைன் ஃபியூஸ் (ஒயரின் நடுவிலேயே கோக்கும் ஃபியூஸ்) போட வேண்டும். லைட்டருக்கு இருப்பது 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸாக இருக்கும். லேப்டாப்புக்கு 65 வாட் டைப்-சி போர்ட் வேண்டும் என்பவர்கள் இந்தக் குறுக்குவழிக்கே வர வேண்டாம். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து, நடுவில் ரிலே (ஏசிசி கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகும் சுவிட்ச்) போடுங்கள். ரிலேயின் கால்களில் உள்ள எண்களின்படி 30க்குப் பேட்டரி, 87க்குப் போர்ட், 86க்கு ஏசிசி, 85க்கு எர்த்.

வேலை தொடங்கும்முன் 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள் (மீட்டர் சோதனைகளை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்). சில ஸ்டீரியோக்கள் பேட்டரியை மறுபடி மாட்டும்போது ரகசிய எண் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். துளை போடும் இடத்தை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். டேஷ்போர்டில் சுவிட்ச் வராத காலி மூடி ஏதாவது இருந்தால், அதே வடிவத்தில் போர்ட் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள், துளையே தேவைப்படாது. வட்டப் போர்ட்டுகளுக்குப் பொதுவாக 29 மில்லிமீட்டர் துளை வேண்டும். முடிந்தால் அந்தப் பேனலைத் தனியே கழற்றி, மேசையில் வைத்து, ஹோல்சாவை (வட்டத் துளை போடும் டிரில் ரம்பம்) மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி ஓரம் சிலும்பிவிடும். பின்னால் ஏசி குழாயோ ஒயர்க் கட்டோ இருக்கிறதா, போர்ட்டின் வால் உள்ளே போக இடம் உண்டா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் துளை.

இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. மதியம் வெளியில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். டேப்பின் பசை இளகி வழிந்து, ஆறே மாதத்தில் ஒயர் வெளியே எட்டிப் பார்க்கும். கிரிம்ப் லக் (ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக முனை) போட்டு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) மாட்டுங்கள். எர்த்துக்கு வளைய லக். பாடி போல்ட்டைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, இறுக்கிவிடுங்கள். ஒயர் எங்கும் தொங்காமலும், கிளட்ச் பெடல் பக்கம் போகாமலும் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

பேட்டரி இறங்குமா என்று கேட்டீர்கள். ஏசிசி லைனில் கொடுத்தால், சாவியை எடுத்ததும் போர்ட்டும் நின்றுவிடும், கவலை இல்லை. எப்போதும் வரும் லைனில் கொடுத்தால், போன் மாட்டாவிட்டாலும் போர்ட்டில் எரியும் நீல விளக்கும் வோல்ட் காட்டும் எண்களும் குடித்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலே மாதத்துக்கு 7.2 ஆம்பியர்-ஹவர். உங்கள் காரில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போகும். தினமும் ஓட்டுபவருக்கு இது தெரியாது. மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வருபவருக்கு, அதுவும் பேட்டரி மூன்று வயதைத் தாண்டியிருந்தால், நன்றாகவே தெரியும்.

செல்ஃப் அடிக்கும்போது போனில் சார்ஜ் ஒரு நொடி நின்று வந்தால் பயப்படாதீர்கள். அந்த நேரத்தில் ஏசிசி லைனைக் கார் தானே துண்டித்துவிடும். போர்ட் வைத்தபின் எஃப்எம்மில் கரகரப்பு வந்தால் மட்டும், கன்வெர்ட்டர் மட்டமானது என்று அர்த்தம். ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்க்கலாம். போகவில்லை என்றால் நல்ல போர்ட்டாக மாற்றிவிடுங்கள்.

கடையிலேயே செய்யச் சொல்வதானாலும் தப்பில்லை. “ஃபியூஸ் டேப் போட்டு, ஏசிசியில், 5 ஆம்பியர் ஃபியூஸ்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். பதினைந்து நிமிடம் ஒரு மணி நேரமாகும், கூலி கொஞ்சம் கூடும். கொடுக்கலாம்.

கடைசியாக, பாட்டு. இந்தப் போர்ட் கரண்ட் மட்டுமே தரும்; ஸ்டீரியோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பென்டிரைவ் செருகினால் அதன் விளக்கு எரிவதோடு சரி. உங்கள் ஸ்டீரியோவின் பின்புறம் யூஎஸ்பி வாய் இருந்தால், அதிலிருந்து நீட்டிப்பு கேபிள் இழுத்து டேஷ்போர்டில் இன்னொரு வாய் வைக்கலாம். அதில் பாட்டு வரும், போன் சார்ஜ் சுமாராகத்தான் ஏறும். பின்னால் அப்படி வாய் இல்லை என்றால் ஸ்டீரியோவைத்தான் மாற்ற வேண்டும். அப்படி மாற்றுவதானால் போர்ட் வேலையையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள், டேஷ்போர்டை இரண்டு முறை பிரிக்க வேண்டியிருக்காது.