‘டிரெயினேஜ் சார்’ என்று சொன்னது யார்?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

சென்னைப் புறநகரில் இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட்டை 52 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனையில் வாங்கினேன். போன ஜூன் மாதம் பத்திரப்பதிவு முடிந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் பெரிய படுக்கையறையில் ஒரு நாற்றம் கிளம்பியது. கெட்டுப்போன கருவாடு மாதிரி, அதோடு குமட்டுகிற ஒரு தித்திப்பு. தீபாவளி இனாம் வாங்க வந்த வாட்ச்மேன்தான் உண்மையைச் சொன்னார். விற்றவரின் பெரியப்பா அந்த அறையில் தனியாக இருந்து இறந்துபோய், 11 நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்களாம். அது மே மாதம். அதன்பிறகு டைல்ஸ் மாற்றி, பெயின்ட் அடித்து எங்களிடம் விற்றுவிட்டார்கள். என் மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஹோமத்துக்கு மட்டும் 40,000 செலவு. விற்றவர் போனை எடுப்பதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ‘ரூமில் ஏதோ வாடை வருதே’ என்று புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘டிரெயினேஜ் சார், பெயின்ட் அடிச்சா போயிடும்’ என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். கிரயத்தை ரத்து செய்து, மோசடி வழக்கும் போட வேண்டும். மனசாட்சி இல்லாதவர்களைச் சட்டம் சும்மா விடலாமா?

பதில்:

மனசாட்சியை விட்டுவிடுவோம். ஹோமச் செலவு, வாட்ச்மேன் முன்பே சொல்லாதது, போனை எடுக்காதது எதுவும் வழக்கில் நிற்காது. அந்த வீட்டில் ஒருவர் இறந்தார் என்பதும் நிற்காது. சாவு நடக்காத வீடு ஊரில் எத்தனை இருக்கிறது? உங்கள் வழக்கு சாவைப் பற்றியதே இல்லை, தரையைப் பற்றியது. அதிலும் முடிவைத் தீர்மானிப்பது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் அந்த வாய்ஸ் மெசேஜ்.

சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55(1)(a) படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. இதைப் படித்ததும் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும். ‘சாதாரண கவனம்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் மறுபடி படியுங்கள். வாடையை நீங்களே பிடித்துவிட்டீர்கள், எழுத்தில் கேட்டும் இருக்கிறீர்கள். ‘மூக்குக்குத் தெரிந்த பிறகும் பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்க்காமல் ஏன் வாங்கினீர்கள்?’ என்பதுதான் எதிர்த் தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். கிரயப் பத்திரத்தில் ‘சொத்தை நேரில் பார்வையிட்டு முழுத் திருப்தியடைந்து’ என்று ஒரு வரி இருக்கும். அதையும் உரக்கப் படித்துக் காட்டுவார்.

ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-இல் ஒரு விலக்கு உண்டு. விற்றவர் வெறுமனே வாயை மூடிக்கொண்டிருந்தார், நீங்கள் விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் வாயைத் திறந்து தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் இந்த விலக்கு அவரைக் காப்பாற்றாது. ஆகவே அந்த மெசேஜ் இருபக்கமும் கூரான கத்தி. ‘டிரெயினேஜ்’ என்பது புரோக்கர் தன் வாய்க்கு வந்ததைச் சொன்னதா, விற்றவர் சொல்லச் சொன்னதா? விற்றவரின் முகவராக நின்று சொன்னார் என்றால், பிரிவு 238 படி அந்தப் பொய் விற்றவர் தலையிலேயே விழும். புரோக்கருக்கு ஒரு சதவீதம் கமிஷன் கொடுத்தது நீங்கள் மட்டும் என்றால் ‘அவர் உங்க ஆள்தானே’ என்று கழன்றுகொள்வார்கள். விற்றவரும் புரோக்கருக்குப் பணம் கொடுத்ததற்கு ஜிபே, வங்கிக் கணக்கு, ஏதாவது ஒரு தடயம் தேடுங்கள். அந்த மெசேஜ் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டப் பிரிவு 63 படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் வேண்டும்; பழைய 65பி-தான், எண் மாறியிருக்கிறது.

விற்றவருக்கு விஷயம் தெரியும் என்பதை நிரூபிப்பது சுலபம். கதவை உடைத்த அன்று போலீஸ் வந்திருக்கும், 174, அதாவது பழைய குற்ற நடைமுறைச் சட்டப்படி சந்தேக மரண விசாரணை போட்டிருப்பார்கள். புதிய சட்டத்தில் அது 194, ஸ்டேஷனில் இன்னும் 174 என்றுதான் பேசுகிறார்கள். புகார் கொடுத்தவர், உடலை அடையாளம் காட்டியவர் யார், உடல் எந்த அறையில் எப்படிக் கிடந்தது, எவ்வளவு அழுகியிருந்தது, எல்லாம் விசாரணை அறிக்கையிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் இருக்கும். அதில் தம்பி மகன் என்று விற்றவரின் கையெழுத்து இருந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று அவரால் வாய் திறக்க முடியாது. இருக்கிற தாளிலேயே எனக்கு அதிக நம்பிக்கை இதன்மேல்தான்.

இனி நான் பயப்படும் இடம். நீங்கள் இதைப் படிக்கும்போது கொத்தனாரிடம் பேசி முடித்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்சிக்காரர் இதே மாதிரி வந்தார். வருவதற்கு முன்பே டைல்ஸை உடைத்து, அடியில் இருந்த கலவையைக் கொத்தி எடுத்து, 18 மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார். ஓசோன் மிஷின் வாடகைக்கு எடுத்து மூன்று நாள் ஓட்டியிருந்தார். வழக்கு போட்டு, அட்வகேட் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) நியமனமாகி, அவர் வந்து பார்த்தது ஒரு பங்குனி மாத மதியம். அறையின் ஜன்னல்கள் திறந்திருந்தன. விருந்தாளி வருகிறாரே என்று கட்சிக்காரரின் அம்மா தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். அறிக்கையில் அந்தப் பகுதி ஒரே வரி: ‘ஃபினாயில் வாசனை தவிர வேறு வாசனை உணரப்படவில்லை.’ அதற்குப் பிறகு அந்த வழக்கைத் தூக்கி நிறுத்த என்னால் முடியவில்லை.

நாற்றத்துக்கு எக்ஸிபிட் நம்பர், அதாவது சான்றுப் பொருள் எண், போட முடியாது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று புரியும். இறந்த உடல் அழுகுவதில் பெரிய வேலை செய்வது குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள். சென்னை மே மாதத்தில் பூட்டிய அறைக்குள் இரண்டு மூன்று நாளிலேயே உடல் ஊதிவிடும், பிறகு திரவம் கசியும். 11 நாள் என்றால் அது டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கி, அடியில் இருக்கும் மணல் கலவையிலும் கதவு நிலையின் அடிக்கட்டையிலும் ஊறியிருக்கும். மேலே புது டைல்ஸ் ஒட்டுவது புண்ணின் மேல் பவுடர் போடுகிற வேலை. வெயில் காலத்தில் அடங்கிக் கிடக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் காரையின் துளைகளில் பிடித்திருந்தது மறுபடி வெளியே வரும். ஜூனில் லேசாக இருந்தது ஐப்பசியில் ஆளைத் துரத்துவது இதனால்தான்.

பிண வாடை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே பொருள் இல்லை. 1885-இல் லுட்விக் பிரீகர் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டறிந்த புட்ரெசின், கடாவெரின் இரண்டுக்கும்தான் பேர் அதிகம். ஆனால் மூக்கைக் குத்துவதில் கந்தகச் சேர்மங்களுக்குப் பெரிய பங்கு உண்டு; துளியிலும் துளியான அளவிலேயே மனித மூக்கு அவற்றைப் பிடித்துவிடும். அமெரிக்காவின் டென்னசியில் புதைத்த உடல்களிலிருந்து வரும் ஆவியை ஆராய்ந்து 400-க்கும் மேற்பட்ட சேர்மங்களைப் பட்டியலிட்டார்கள். எலி செத்தாலும் இவற்றில் பெரும்பாலானவை வரும். எதிர்த் தரப்புக்கு அது போதும். ‘ஃபால்ஸ் சீலிங்கில் எலி செத்திருக்கும் யுவர் ஆனர்.’

இந்த வாதம் அமெரிக்காவிலேயே நடந்தது. 2011-இல் ஃப்ளோரிடாவில் ஒரு கொலை வழக்கு. கார் டிக்கியில் பிண வாடை இருந்தது என்று சொல்ல, அந்தச் சேர்மப் பட்டியலைத் தயாரித்த விஞ்ஞானியையே அரசுத் தரப்பு கூண்டில் ஏற்றியது. நீதிபதி அந்தச் சாட்சியத்தை அனுமதித்தார். டிக்கியில் ஒரு குப்பை மூட்டை இருந்தது, நாற்றம் அதனுடையது என்றது எதிர்த் தரப்பு. ஜூரி கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. வாடை ஒன்றுதான் தோற்றதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது ஜெயிக்கவும் வைக்கவில்லை.

மோப்ப நாய் கூட்டி வரலாமா என்று சிலர் கேட்பார்கள். நாயின் மூக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2008-இல் வெளியான ஹம்பர்க் ஆய்வு ஒன்றில், இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத, துணி சுற்றிய உடலின் கீழ் பத்தே நிமிடம் கிடந்த கம்பளத் துண்டை, வாரக்கணக்கில் கழித்தும் போலீஸ் நாய்கள் சரியாகக் காட்டின. ஆனால் மோப்ப நாய்ச் சாட்சியத்துக்கு உள்ள ஆட்சேபனைகளை நம் உச்ச நீதிமன்றம் 1969-லேயே எடுத்துச் சொல்லிவிட்டது. அதில் முக்கியமானது, நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது என்பது. சிவில் வழக்குக்கு நாயைத் தேடிப் போகாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது தரை. வழக்கோடு சேர்த்தே சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 9 (கமிஷனர் நேரில் பார்ப்பது), விதி 10A (அறிவியல் ஆய்வு) இரண்டிலும் மனு போடச் சொல்லுங்கள். கமிஷனர் மழைக்காலத்தில் வரட்டும். முந்தைய நாளே அறையைப் பூட்டி, ஜன்னலை அடைத்து வையுங்கள். சாம்பிராணி, ஃபினாயில், ரூம் ஸ்பிரே எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து முதல் அடி வைக்கும்போது அவர் உணர்ந்ததை அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள். ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எழுதினால் பயனில்லை, சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். அப்புறம் அவர் முன்னிலையில் உடல் கிடந்த இடத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்து, அடிக் கலவையை எடுத்து சீல் வைத்து, நீதிமன்றம் வழியாக மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு அனுப்பக் கேளுங்கள். நாற்றம் எலியா மனிதனா என்று சொல்லாது. கலவையில் ஊறியதில் மனித ரத்தமோ டிஎன்ஏவோ எஞ்சியிருந்தால் அது சொல்லும். பல மாதம் ஆனதால் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அதற்குத்தான் 174 கோப்பு.

மோசடிப் புகார் இப்போது வேண்டாம். ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதோடு விற்றவர் வக்கீலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிவிடுவார். நுகர்வோர் மன்றமும் பயன்படாது. தனியாள் செய்த மறுவிற்பனை சேவை ஆகாது.

கிரயத்தை ரத்து செய்தே தீர வேண்டுமா? உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. ஆனால் நீதிமன்றக் கட்டணம் மட்டும் 3 சதவீதம், 1,56,000 ரூபாய். வழக்கு வாய்தாவில் நகர்ந்து, அப்பீலும் போய் முடியும் வரை வங்கிக் கடனை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஜெயித்தாலும் விற்றவர் கையில் 52 லட்சம் இருக்குமா? என் கணிப்பில் இருக்காது.

ஆகவே நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். முதலில் 174 ஆவணங்களின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். பிறகு அதைக் குறிப்பிட்டு, வாய்ஸ் மெசேஜையும் குறிப்பிட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ். ரத்து, மோசடி என்று பெரிதாக மிரட்டிவிட்டு, பேச்சில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த அறையின் தளத்தைச் சிமென்ட் வரை கொத்தி எடுத்து, எபாக்சி பூசி மூடி, கதவு நிலையை மாற்றும் செலவு, அதுவரை வெளியே தங்கும் வாடகை, கொஞ்சம் மேலே. பெரியப்பா பூட்டிய அறையில் 11 நாள் கிடந்தது கோர்ட்டில் பேசப்படுவதை விற்றவரும் விரும்ப மாட்டார். பணம் பேசி முடிந்ததும் ‘முழு திருப்தி’ என்று உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியை மூன்றாம் ஆள் கையில் வைத்து, அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு கொடுப்பதாக எழுதுங்கள். தளத்தைக் கொத்துவது இந்த ஒப்பந்தத்தில் விற்றவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான், அதுவும் வீடியோ எடுத்துக்கொண்டு.

கடைசியாக, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எதையும் போடாதீர்கள். பேசாமல் இன்னொருவருக்கு விற்றுவிட்டால் என்ன என்று மைத்துனர் யாராவது சொல்வார். இப்போது விஷயம் உங்களுக்குத் தெரியும், எனக்கே எழுதிவிட்டீர்கள். அடுத்து வாங்குபவர் மழையில் மூக்கைப் பிடித்தால், 55(1)(a)-இல் விற்பவர் என்று இருக்கும் இடத்தில் உங்கள் பெயர் வரும்.