ஹவுஸ் சர்ஜன் என்றால் அறுவை சிகிச்சை செய்பவரா? நாள் முழுக்க என்ன வேலை?

பெயரில்தான் சர்ஜன். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பை முடித்ததும் வரும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி இது. தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. என்றும் சொல்வோம்.

என் நாள் பெரும்பாலும் ரத்தத்தில்தான் தொடங்கியது. ரவுண்ட்ஸுக்கு முன் வார்டு முழுக்க ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியாக வேண்டும். அணுக்கள் எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாய், உறைதல் பரிசோதனைக்கு வெளிர் நீல மூடி. நீலத்தில் கோடு வரை நிரப்பாவிட்டால் லேபில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் அதே பாட்டியிடம் போய் அசடு வழிய நிற்க வேண்டும். "இப்பதானே எடுத்தே, ராசா?"

அப்புறம் ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, ஸ்கேனுக்குத் தேதி வாங்கி, கட்டு மாற்றி, டிஸ்சார்ஜ் எழுதி முடிப்பதற்குள் கேன்டீனில் சாப்பாடு தீர்ந்திருக்கும். கேஷுவால்டி நாளில் தூக்கமும் போச்சு. ஆபரேஷன் தியேட்டரில்? பெரும்பாலும் அறுத்த இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். பிரசவ வார்டில் மட்டும் கைவேலை நிறையக் கிடைக்கும்.

இப்போதைய விதிப்படி 52 வாரத்தில் 12 வாரம் சமூக மருத்துவம். அதில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோதுதான் மதியச் சோற்றை மதியத்தில் சாப்பிட்டேன்.